ஈர்க்கும் தூரிகையும்

பல் தீட்டும்போதே இடுக்கையும் துப்புரவாக்கிவிடும் தூரிகை வேண்டும் என்பது நம் பல்மருத்துவத் துறையின் பழைய ஆசை. 2018இல் வாட்டர்பிக் நிறுவனம் நீர்த்தாரையையும் தூரிகையையும் ஒரே பிடியில் சேர்த்து விற்பனைக்கு விட்டது. அதற்கு மின்சாரம் வேண்டும், தொட்டி வேண்டும். யட்டவத்த பக்கத்து மிளகுத் தோட்டமொன்றில் பீலியடியில் நின்று வாய் கொப்பளிப்பவருக்கு அது எட்டாப் பொருள். அவருக்கு ஈர்க்கு போதும். வெற்றிலை போட்டுத் துப்பியதும் ஒன்றை ஒடித்து இடுக்கில் விடுவார். நாமோ நாற்காலியில் சாய்த்துவைத்து அதைத் திட்டுகிறோம். ஈறைக் குத்தும் என்பது சரிதான்; ஆனால் எங்கே துப்புரவாக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மலையகத்தின் டன்சினன், ஹரோ தேயிலைத் தோட்டங்களில் ஹரால்ட் லோ குழுவினர் 1970இல் பார்க்கத் தொடங்கிய 480 ஆண் தொழிலாளர்களை நாம் எல்லோரும் பாடத்தில் படித்திருக்கிறோம். தூரிகை பிடிக்காத வாய்கள், சொத்தை அபூர்வம். 1986இல் வந்த கட்டுரையில் 8 வீதத்தினருக்குப் பற்பிணைப்பு வேகமாகவும் 81 வீதத்தினருக்கு மிதமாகவும் அழிந்திருந்தது. 11 வீதத்தினருக்கு ஈறழற்சிக்கு அப்பால் எதுவும் நகரவில்லை. நான் திரும்பத் திரும்பப் போவது அதே குழுவின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு. ஒழுங்காகப் பல் தீட்டிய நோர்வேக்காரர்களுக்கு ஈறு பெரும்பாலும் கன்னப் பக்கமே இறங்கியிருந்தது. நம்மவர்களுக்கு 40 வயதுக்குள் இடுக்கு உட்பட எல்லாப் பக்கமும் இறங்கிவிட்டது. தூரிகை, தான் எட்டும் இடத்தில் அளவுக்கு மீறித் தேய்க்கிறது. எட்டாத இடத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

தூரிகையின் இழையை மெல்லிசாக்கினால் எட்டுமே என்பார்கள். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. பாதியாக்கினால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். உள்ளே நுழையும் இழைக்குத் துடைக்கும் வலு இல்லை. வலு உள்ளது நுழையாது. பல்நூலோ பல்லைச் சுற்றி வளைந்து ஈறுக்குக் கீழே இறங்க வேண்டும். குறுக்கே ஓடும் கையசைவில் அது நடக்காது.

ஆகவே தீட்டுவதையும் இடுக்கைத் துப்புரவாக்குவதையும் இழையில் கலப்பது வீண் வேலை என்பது என் கட்சி. பிடியில் சேர்க்கலாம்: ஒரு முனையில் சிறிய தலைத் தூரிகை, மறுமுனையில் கழற்றி மாற்றக்கூடிய இடைப்பல் தூரிகை. இடைப்பல் தூரிகை நூலைவிடச் சற்று மேலாக இருக்கலாம் என்று 2019ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வும் சொல்கிறது, உறுதி குறைந்த சான்றோடு. ஈறு இறங்கித் திறந்த இடுக்குக்கு அதுவே பொருந்தும். இடுக்கு மூடிய இளம் வாய்க்கு நூல்தான். அவர்களுக்கு இந்தப் பிடி எதற்கு?

எனக்கு விடை தெரியாத சிக்கல் அளவு. ஒரே வாயில் முன்பல் இடுக்கும் கடைவாய் இடுக்கும் ஒன்றல்ல. மூன்று அளவு கொடுத்தால் விலை ஏறும். ஒன்று கொடுத்தால் பாதி இடுக்கில் தளரும், மீதியில் இறுகும். இப்படியொரு பிடிக்கு வடிவமைப்பு அனுப்புவோர் இதற்கு என்ன செய்தார்கள் என்றும், மாற்று முனை ஒன்று எத்தனை ரூபாய் என்றும், மிளகு ஆய்ந்து காய்ப்பேறிய விரல்களால் அதைக் கழற்ற முடிந்ததா என்றும் எழுதி அனுப்புங்கள்.