பாலிஷ் போடும் முன் தடிமனைக் கேளுங்கள்

இரவில் பெட்ரோல் பங்குக்கு வந்து நிற்கும் கறுப்புக் காரின் பானெட்டைச் சற்றுச் சாய்ந்து பார்த்தால் போதும். கூரை விளக்கின் பிம்பம் விழும் இடத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாக மின்னும். பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். அந்தக் கோடுகள் வட்டமாக விழுந்தவை அல்ல. நாலா பக்கமும் தாறுமாறாக ஓடும் நுண்கீறல்களில், விளக்கொளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் கோணத்தில் இருப்பவை மட்டும் பளிச்சிடுகின்றன. அவை சேர்ந்து வட்டமாகத் தெரிகின்றன. தொழிலில் இருப்பவர்கள் இவற்றை ‘ஸ்வர்ல் மார்க்’ என்பார்கள். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் காரிலும் இதே அளவு கீறல் இருக்கக்கூடும். வெள்ளைப் பூச்சு எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறடிப்பதால் கீறலின் மினுக்கம் அதில் கரைந்துவிடுகிறது. கறுப்போ தன்மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கீறலின் விளிம்பில் தெறிக்கும் சிறு ஒளிகூடத் தனித்துத் தெரிகிறது.

கறுப்புக் கார் மீதான ஆசை இந்தச் சில ஆண்டுகளில் இந்தியாவில் நன்றாகவே கூடியிருக்கிறது. டாடா நிறுவனம் 2019இல் ஹாரியரின் ‘டார்க் எடிஷன்’ வண்டியைக் கொண்டுவந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 2022இல் கறுப்பு அலங்காரத்துடன் ‘நைட் எடிஷன்’ வந்தது. ஷோரூம் விளக்கில் கண்ணாடி மாதிரி மின்னிய வண்டியில் சில மாதங்களிலேயே கோடுகள் தெரியத் தொடங்குகின்றன. உரிமையாளர் பாலிஷ் கடைக்கு ஓடுகிறார். ரப்பிங், பாலிஷ், டெஃப்லான், செராமிக் என்று விலைப்பட்டியல் நீள்கிறது. பல ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது, வண்டி பளபளக்கிறது, அடுத்த மழைக்காலத்துக்குள் கோடுகள் திரும்பிவிடுகின்றன. மறுபடியும் பாலிஷ். கீறலை உண்டாக்குவது வண்டியைக் கழுவும், துடைக்கும் முறை. அதை மாற்றாமல் பாலிஷ் மேல் பாலிஷ் போடுவது காசுக்கும் கேடு, பூச்சுக்கும் கேடு.

ஏன் பூச்சுக்குக் கேடு என்பதைப் புரிந்துகொள்ள, காரின் தகட்டின்மேல் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இவை எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஜெராக்ஸ் எடுக்கிற தாளின் தடிமனில் அதிகம்போனால் பாதி. பளபளப்பு முழுவதும் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. நிறத்தை வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து காக்கும் வேதிப்பொருளும் இதற்குள்தான் கலந்திருக்கிறது.

பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குவதுதான் பாலிஷ். காம்பவுண்டில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு போன்ற துகள்கள் அதைச் செய்கின்றன. ஒரு முறை அழுத்தி ரப்பிங் செய்தால் சில மைக்ரான் போய்விடும். போனது போனதுதான். வருடத்துக்கு இரண்டு தடவை ரப்பிங் செய்துகொண்டே போனால் சில ஆண்டுகளில் கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் வெளிறி, திட்டுத் திட்டாக உரியத் தொடங்கும். அதற்குப் பாலிஷில் மருந்து இல்லை. ரீபெயிண்ட் ஒன்றே வழி.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துப் பழக்கம் இன்றும் பல ஷெட்களில் மிச்சமிருக்கிறது. அந்த வண்டிகளில் நிறமே மேல்பூச்சு. வெளிறிய மேற்பரப்பை காம்பவுண்ட் போட்டு அழுத்தித் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், அடியிலிருந்து புது நிறம் எழும். பெயிண்டும் கனமாக இருந்தது. அந்தக் கைப்பழக்கத்தோடு இன்றைய கிளியர் கோட்டைத் தேய்த்தால் அது தாங்காது.

கீறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் காலை ஐந்தரை மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் இருந்து. ஒரே பக்கெட், ஒரே துணி, பத்துப் பதினைந்து வண்டிகள். முதல் வண்டியின் சக்கர மட்கார்டைத் துடைத்த அதே துணி, அதே தண்ணீரில் முக்கிப் பிழியப்பட்டு அடுத்த வண்டியின் பானெட்டுக்கு வருகிறது. சாலைத் தூசியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7ஆம் இடத்தில் நிற்கிறது. கிளியர் கோட் அதைவிட வெகு மென்மையானது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சென்னைச் சாலைகளில் ஓடிவிட்டு வரும் காரில் இந்த மணல் எவ்வளவு படியும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிக்னலில் விற்கும் மஞ்சள் துணியை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் வாசலில் நிறுத்தியதும் ஒரு துடை துடைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இதற்குக் கார் துடைக்கும் தொழிலாளியைக் குறை சொல்வது அநியாயம். ஒரு வண்டிக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுத்து, குழாய் வசதியும் தராமல், எல்லா வண்டிகளையும் எட்டு மணிக்குள் முடிக்கச் சொன்னால் அவரால் வேறு எப்படித் துடைக்க முடியும்? பதினைந்து லட்சம் கொடுத்துக் கார் வாங்கியவர் அவர் கையில் நாலு நல்ல மைக்ரோஃபைபர் துணியும் இன்னொரு பக்கெட்டும் கொடுத்து, கூலியைக் கொஞ்சம் கூட்டினால் பாலிஷ் செலவில் அது சிறு பங்குகூட ஆகாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் எந்தப் பாலிஷ் கடையிலும் கூட்டம். பானெட்டில் குழைத்துப் பூசிய சந்தனமும் விபூதியும் இரவோடு இரவாகக் காய்ந்து இறுகிவிடுகின்றன. காலையில் அதை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து எடுக்கும்போது சந்தனம் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு கையளவு பூச்சு மங்கிப்போகிறது. பூஜையைக் குறைக்கத் தேவையில்லை. நம்பர் பிளேட்டிலும் கண்ணாடியிலும் பொட்டு வைக்கலாம். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்றால், மறுநாள் ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட வேண்டும்.

அடுத்தது போர் தண்ணீர். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணய அமைப்பின் அளவுகோல். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். வெயிலில் சூடேறிய கறுப்புத் தகட்டில் இந்தத் தண்ணீரை ஊற்றித் துடைக்காமல் விட்டால், ஒவ்வொரு துளியும் காய்ந்து கால்சியம், மெக்னீசியம் உப்பை வெள்ளை வளையமாக விட்டுச் செல்லும். புதுக்கறை என்றால் நீர் கலந்த வினிகரில் கரைந்துவிடும். வாரக்கணக்கில் வெயிலில் இறுகிப் பூச்சையே அரித்துவிட்டால், மறுபடியும் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கறுப்புக் காரை நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது கழுவி உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கோடு விழுந்த காரைத் திரும்பப் பழைய மினுமினுப்புக்குக் கொண்டுவர முடியாதா என்றால், தாராளமாக முடியும். அதில் நல்ல கைக்காரருக்கும் சாதாரணக் கடைக்கும் உள்ள வேறுபாடு முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். நல்லவர் மிஷினைத் தொடுவதற்கு முன் வண்டியை நன்றாகக் கழுவுவார். பிறகு இரும்புத்தூளைக் கரைக்கும் திரவத்தைத் தெளிப்பார். பிரேக்கிலிருந்து பறந்து பூச்சில் பதிந்த இரும்புத்துகளில் அது பட்டதும் சிறு புள்ளிகளாக ஊதா நிறம் எழுந்து, கதவின் வழியே கோடுகளாக வழியும். அழுகிய முட்டையைப் போன்ற வாடை வரும். அதைக் கழுவிவிட்டு, கையில் மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பார்ப்பார். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியே நன்றாகத் தெரியும். அந்த இடங்களில் வழவழப்பான நீர்மம் தெளித்து, டீடெய்லிங்குக்கென்றே வரும் களிமண் கட்டியை மெதுவாக ஓட்டி எடுப்பார்.

அதன்பின் தடிமன் அளக்கும் கருவி. உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தக் கருவியைத் தகட்டில் வைத்தால் பூச்சின் மொத்தத் தடிமனை மைக்ரானில் காட்டிவிடும். பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது, தகட்டில் செய்யும். சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிற இந்தக் கருவி இல்லாமல் மிஷினை எடுப்பவரிடம் கறுப்புக் காரைக் கொடுக்கவே கூடாது. ஒரு கதவு 120 மைக்ரானும் பக்கத்துக் கதவு 80 மைக்ரானும் காட்டினால், இரண்டாவது கதவை ஏற்கெனவே யாரோ நிறையத் தேய்த்திருக்க வாய்ப்பு உண்டு. அங்கே கைவைக்காமல் விடுவதுதான் திறமை.

பிறகும் எடுத்த எடுப்பில் முழு வண்டியில் இறங்கமாட்டார். பானெட்டின் ஒரு மூலையில் டேப் ஒட்டி இரண்டடிச் சதுரம் பிரித்து, இருப்பதிலேயே மென்மையான பாலிஷும் மென்மையான பேடும் வைத்துத் தொடங்குவார். அதில் கோடு போகவில்லை என்றால்தான் ஒரு படி ஏறுவார். சுழன்றுகொண்டே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் மிஷினில் சூடு குறைவு, தவறு நடக்கும் வாய்ப்பும் குறைவு. ஒரே அச்சில் சுழலும் பழைய ரோட்டரி மிஷினில் கம்பளிப் பேடு போட்டு அவசரமாக ஓட்டினால், கீறல் போன இடத்தில் வெயிலில் மட்டும் தெரியும் வானவில் நிழல்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆழமாக நகம் மாட்டுகிற கீறல் சிலவற்றை நல்லவர் அப்படியே விட்டுவிடுவார். அவற்றை எடுக்க வாட்டர் பேப்பர் போட வேண்டிவரும், அதற்கு எத்தனை மைக்ரான் போகும் என்று அவருக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. சில பாலிஷ்களில் எண்ணெயும் பிசினும் கலந்திருக்கும். அவை கீறலை மூடி மறைத்துவிடும். நாலைந்து வாஷில் அவை கழுவிப் போனதும் கோடுகள் மறுபடி எட்டிப்பார்க்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் ஒரு இடத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் நிறுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இந்தச் சோதனையைக் கேட்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. தயங்கும் கடையை நம்ப வேண்டாம்.

கோட்டிங் விஷயத்தில் ஏமாற்று இன்னும் அதிகம். டெஃப்லானின் வேதிப்பொருளான பி.டி.எஃப்.இ. உருகுவது 327 டிகிரி செல்சியஸில். தோசைக்கல்லில் அதை அந்த அளவுச் சூட்டில்தான் ஒட்டவைக்கிறார்கள். காரின் பூச்சை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் பூச்சே கருகிவிடும். ஆக, துணியில் எடுத்துத் தடவும் ‘டெஃப்லான் கோட்டிங்’ மினுமினுப்பாக இருந்தால் அதற்குக் காரணம் அதில் கலந்த மெழுகும் பாலிமரும்தான். செராமிக் கோட்டிங் உண்மையிலேயே பயனுள்ளது; தண்ணீர் உருண்டோடும், அழுக்கு எளிதில் போகும், பறவை எச்சத்தைத் துடைக்கக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும். ஆனால் அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான் அளவுதான். விளம்பரத்தில் வரும் ‘9எச்’ என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மோஸ் அளவுகோலின் 9க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குவார்ட்ஸ் மணல் ஒட்டிய துணி செராமிக் போட்ட பானெட்டையும் கீறும். ‘இனி கீறலே விழாது’ என்று சொல்லி விற்பது பொய்.

சரியாகக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை தவித்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரால் வாகனம் கழுவத் தடை விதித்து 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தார்கள். ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவுவதை யாரும் ஆதரிக்க வேண்டியதில்லை. லேசான தூசிக்கு, அலசத் தேவையில்லாத வாஷ் திரவம் கலந்த ஒரு பக்கெட் தண்ணீரும் ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளும் போதும். ஒரு பக்கம் துடைத்ததும் துணியின் அடுத்த மடிப்பு, மடிப்புகள் தீர்ந்ததும் அடுத்த துணி. அழுக்குத் துணி மறுபடி பக்கெட்டுக்குள் போகக் கூடாது. சேறு அப்பியிருந்தால் மட்டும் முதலில் தண்ணீர் அடித்துக் கரைத்துக்கொள்ள வேண்டும்.

புதுக் கார் வாங்குபவர்கள் டெலிவரிக்கு முன்பே ஒன்றைச் சொல்லிவைப்பது நல்லது. யார்டில் வாரக்கணக்கில் தூசி படிந்து நின்ற வண்டியை, ரிப்பன் கட்டும் நாள் காலையில் அவசரமாகத் துடைத்து பாலிஷ் போடுவதில்தான் முதல் கீறல்கள் விழுகின்றன. வெறும் தண்ணீர் அடித்துக் கொடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுக்கலாம். சர்வீஸுக்கு விடும்போதும் இதே அவசரத் துடைப்பைத் தவிர்க்க, ஜாப் கார்டில் ‘வாட்டர் வாஷ் வேண்டாம்’ என்று எழுதச் சொல்லலாம். பாலிஷுக்கு விட்டால் பானெட், கூரை, நான்கு கதவுகள், டிக்கி என ஒவ்வொன்றின் தடிமனையும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பில்லிலேயே குறித்துத் தரும்படி கேட்க வேண்டும். நாலு வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டால் கடைக்காரர் கருவி வாங்கிவிடுவார். பின்னாளில் வண்டியை விற்கும்போது எந்தக் கதவு ரீபெயிண்ட் ஆனது, எங்கே பட்டி பார்க்கப்பட்டது என்பதை வாங்குபவரும் அந்தத் தாளிலேயே பார்த்துக்கொள்வார்.