தோற்றவரைப் படகேற்றும் கலை

சின்ன ஊரில் நண்பரைத் தோற்கடிப்பது ஆபத்தான காரியம். சென்னையிலும் பெங்களூரிலும் போர்டு கேம் கஃபேக்கள் வந்துவிட்டன. மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, முன்பின் தெரியாதவரை ஓட ஓட விரட்டித் தோற்கடித்துவிட்டு, ஒரு காபியைக் குடித்துவிட்டு வீடு போய்ச் சேரலாம். அந்தமானில் இருக்கும் எங்கள் லாங் ஐலண்டில் அந்தச் சௌகரியம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் கேரமில் வெளுத்து வாங்கிய ஆளோடுதான் திங்கள் காலை படகுத்துறை வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவரும், பக்கத்து ஊரான ரங்கத்திலிருந்து உங்கள் காய்கறி மூட்டையை ஏற்றி வருபவரும், உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் டீச்சரும் அந்த வரிசையில் இருப்பார்கள். அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, பாய் விரித்து, ஒருவரை ஒருவர் தோற்கடிக்கச் சொல்வது என்றால் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

அதனால் விளையாட்டு நாள் நடத்துகிறவரின் வேலை ஆட்டத்தை நடத்துவது மட்டுமல்ல என்பது என் கட்சி. தோற்றவர் மனம் கோணாமல் வீடு போய்ச் சேரவேண்டும். அதற்கு வாய்ச் சமாதானம் எதுவும் உதவாது. ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே அது இருக்கிறது.

கேரமிலிருந்தே தொடங்குகிறேன், எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். இந்தத் தீவில் ஒரு காலத்தில் பிளைவுட் ஆலை இருந்தது. 2002இல் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டது. இன்று கேரம் போர்டுக்கான பிளைவுட்டும் கப்பலேறித்தான் வருகிறது. வந்த பிறகு அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில் போர்டு ஈரத்தைக் குடித்து நடுவில் மேடு தட்டிவிடும். போரிக் பவுடர் டப்பாவுக்குள்ளேயே கட்டி பிடித்துவிடும். எங்கள் வீட்டில் போர்டு சுவரில் சாய்ந்து நிற்பதில்லை, அடுக்களைப் பரணில் சூட்டோடு படுத்திருக்கிறது.

ஆனால் கேரமில் உள்ள சிக்கல் ஈரமல்ல. அந்த ஆட்டம் தோற்றவருக்குச் சாக்கு வைப்பதில்லை. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. எல்லாம் கண்ணெதிரே கிடக்கின்றன. குறி தவறினால் அது உங்கள் விரலின் குற்றம்தான். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வட சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்ற மரியா இருதயமும் தமிழ்நாட்டுக்காரர்தான். கை பழகினால் மட்டுமே ஏறக்கூடிய ஏணி அது. அதனால்தான் அது உலகத்தரமான விளையாட்டு, அதனால்தான் விருந்துக்கு ஆகாத விளையாட்டும்கூட. பழகிய கை ஒன்று வந்துவிட்டால் மற்ற மூன்று பேரும் காயை எடுத்துக் கொடுக்கும் உத்தியோகத்தில்தான் இருப்பார்கள்.

இதற்கு நான் கண்ட வழி, கேரமைத் திண்ணையில் போட்டு, இரட்டையர் ஆட்டம் மட்டும் என்று சொல்லிவிடுவது. ஊரிலேயே நன்றாக அடிப்பவரோடு பத்து வயதுப் பையனை ஜோடி சேர்க்க வேண்டும். ஜெயித்தால் பையன் ஜெயித்தான். தோற்றால் பையனால் தோற்றோம். எப்படிப் போனாலும் யாருக்கும் வலிக்காது.

கூடத்து நடுவில் வைக்கவேண்டிய ஆட்டம் தாயம். வாய்ப்பு விளையாட்டு என்று படித்தவர்கள் இளக்காரமாகப் பேசுவார்கள். அந்த வாய்ப்பு எவ்வளவு கச்சிதமாக அளந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். பித்தளைத் தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். மூன்று விழுவதுதான் அதிகம், 16க்கு 4. தாயம் என்கிற ஒன்று விழுவது 16க்கு 2, அதாவது எட்டில் ஒன்று. ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் 16க்கு ஒவ்வொன்றுதான். தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்பதால், எட்டு முறை உருட்டியும் ஒரு காய்கூட இறங்காமல் உட்கார்ந்திருக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அரசு அதிகாரியும் அப்படி உட்கார்ந்திருப்பார், அவர் அலுவலகத்தில் கூட்டுகிற அக்காவும் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் இருவரும் ஒரே கட்டையைத்தான் திட்டுவார்கள்.

தோற்றவருக்குக் கௌரவமான சாக்கு இதிலே இருக்கிறது. “எனக்கு இன்னிக்குத் தாயமே விழலை” என்று சொல்லிக்கொண்டு எழுந்து போகலாம். அதில் யாருடைய அறிவும் குறைந்துபோவதில்லை. அதே சமயம் அது முழுக்க அதிர்ஷ்டமும் அல்ல. எந்தக் காயை வெட்டுப்படாத மலையில் நிறுத்துவது, எதை வெட்டுவது, நடுவீடு சேர்த்துப் பழமாக்க எதை முதலில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் இடங்கள் நிறைய. ஜெயித்தவர் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளவும் போதுமான இடம் இருக்கிறது. ஜெயித்தவருக்குத் திறமை, தோற்றவருக்கு விதி என்று இரண்டு தரப்புக்கும் ஒரே ஆட்டத்தில் தீர்ப்பு எழுதிய பாட்டிகளை என்னவென்று சொல்வது!

அந்தமானில் தமிழரும் வங்காளிகளும் ராஞ்சிக்காரரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஒரே சுவரை ஒட்டிக் குடியிருக்கிறார்கள். பொதுப்பேச்சு அந்தமான் இந்தி. தாயம் இந்தக் கலவைக்குச் சிரமமில்லாமல் ஒத்துப்போகிறது. வங்காளத்துத் தாதாவுக்குப் பாஷா தெரியும், சௌபட் தெரியும், லூடோ கட்டாயம் தெரியும். கட்டங்களைச் சுற்றிவந்து நடுவீட்டில் ஏறவேண்டும் என்றால் அவருக்குப் பாதி புரிந்துவிடும். லூடோவே நம் பச்சீசியைப் பார்த்து 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய சரக்குதான்.

ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சட்டம் இருப்பதுதான் வம்பு. ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்ளே ஏறலாம் என்பார் திருநெல்வேலிக்காரர். அதெல்லாம் வேண்டாம் என்பார் பக்கத்து வீட்டு அக்கா. கேரமில் கட்டைவிரலால் அடிக்கலாமா, சிவப்பைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாவிட்டால் என்ன, ஸ்ட்ரைக்கர் விழுந்தால் எத்தனை காய் ஃபைன்? எல்லாவற்றையும் முதல் காயைத் தொடுவதற்கு முன்பே கேட்டு, சாக்கட்டியால் கதவில் எழுதிவிட வேண்டும். நடு ஆட்டத்தில் எழும் சட்டப் பிரச்சினை எப்போதும் தோற்றுக்கொண்டிருப்பவரிடமிருந்துதான் வரும். அதற்குத் தீர்ப்புச் சொன்னவர் ஒரு வாரத்துக்குப் பகையாளி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநருக்கும் அவர் மகனுக்கும் சீட்டாட்ட விதியில் வந்த சச்சரவிலிருந்து 1971இல் பிறந்ததுதான் ஊனோ. விதியைச் சீட்டிலேயே அச்சடித்துவிட்டால் சண்டை வராது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பாவம், இன்றும் பிளஸ் நாலு சீட்டுக்கு மேல் இன்னொரு பிளஸ் நாலு போடலாமா என்று உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் நிறமும் எண்ணும் தெரிந்தால் போதும் என்பதால், நாலு பாஷைக் குழந்தைகள் கூடும் எங்கள் வீட்டில் அந்தச் சீட்டுக்கட்டு சீக்கிரமே கிழிந்துவிடுகிறது.

நான் பரணிலிருந்து இறக்கவே இறக்காத ஆட்டம் ஒன்று உண்டு: ஊர்களை வாங்கி வாடகை வசூலிக்கும் பிசினஸ். அதன் மூதாதையை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றவர் லிஸி மேகி என்ற பெண்மணி. நிலத்தை வளைத்துப்போடுகிறவர்கள் மற்றவர்களை எப்படி ஓட்டாண்டியாக்குகிறார்கள் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். 1935இல் மோனோபலியாக விற்பனைக்கு வந்தபோது அந்தப் பாடம் உதிர்ந்து, ஓட்டாண்டியாக்குவது மட்டும் மிஞ்சியது. முதலில் திவாலாகிறவர் அடுத்த இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். ரங்கத்திலிருந்து படகில் வந்த விருந்தாளியை அப்படி உட்கார வைக்கலாமா? தவிர அந்த ஆட்டம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. ரங்கத்தை ஒட்டிய ஏராட்டா துறைக்குப் போகிற படகு புறப்படும் நேரமோ எல்லாருக்கும் தெரியும். படகு நேரத்துக்குள் முடியாத ஆட்டத்தைத் தொடங்குவதில்லை என்பது எங்கள் கதவில் எழுதியுள்ள முதல் சட்டம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பரின் மகன் விடுமுறைக்கு வந்தபோது கேட்டன் என்ற பலகை ஆட்டத்தைக் கொண்டுவந்தான். 1995இல் ஜெர்மனியின் கிளாஸ் டொய்பர் உருவாக்கியது. யாரும் நடுவில் வெளியேற்றப்படுவதில்லை. பத்துப் புள்ளியை யார் முதலில் தொட்டாலும் ஆட்டம் முடிந்தது. மற்றவர் உருட்டும் பகடையிலும் உங்களுக்கு வரும்படி உண்டு. என் அளவுகோலில் முதல் வகுப்பு. ஒன்று மட்டும் உறுத்தியது. ஆளில்லாத ஒரு தீவில் குடியேறி, மரமும் செங்கல்லும் சேர்த்து ஊர் கட்டுவதுதான் ஆட்டம். அந்தத் தீவில் மரம் தீர்வதே இல்லை. நமக்கு முன்னால் அங்கே யாரும் இருந்ததும் இல்லை. ஜாரவா பழங்குடியினரின் காட்டை ஊடறுத்துப் போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் வாகன அணியோடு வந்து பழகியவர்கள், மரம் தீர்ந்த கதையைக் கண்ணால் பார்த்தவர்கள், அதை ஆடும்போது கொஞ்சம் சிரித்துக்கொண்டார்கள். “இது நம்ம தீவு இல்லடா தம்பி” என்றார் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். அப்புறம் அவரே ஜெயித்தார்.

கையில் செல்போன் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். அது போய்ச் சேரும் தீவுகளின் பட்டியலில் லாங் ஐலண்டும் இருக்கிறது. அதே ஊரடங்கு ஆண்டில்தான் இந்தியா முழுக்க லூடோ கிங் ஆடித் தீர்த்தது. நானும் ஆடியிருக்கிறேன். ஆனால் போனில் பகடை விழாவிட்டால் கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று தோன்றுகிறது. கையில் உருட்டிய கட்டை விழாவிட்டால் என் கை சரியில்லை என்று சிரிக்க முடிகிறது. விதியைக்கூட நம் கையாலேயே உருட்டினால்தான் மன்னிக்கத் தோன்றும் போலிருக்கிறது.

காசு வைத்து ஆடக் கூடாது என்பது இரண்டாவது சட்டம். வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டது. எனக்குள்ள காரணம் இன்னும் சின்னது. பத்து ரூபாய் வைத்துவிட்டால்கூடத் தாயம் விழாததைச் சிரித்துக் கடக்க முடியாது. இழந்ததைப் பிடிக்க இன்னொரு ஆட்டம் கேட்கத் தோன்றும். பந்தயம் வேண்டும் என்பவர்களுக்காக டீ கிளாஸ் கழுவும் வேலையை வைத்திருக்கிறோம்.

தின்பண்டம் பற்றிச் சுருக்கமாக: எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொட்டால் ஊனோ அன்றோடு முடிந்தது. ஆட்டம் நடக்கையில் தேங்காய்ச் சில்லு, வறுகடலை, முறுக்கு. டீ தனி ஸ்டூலில், பலகைக்கு எட்டாத தூரத்தில். மீன் வறுவல் எல்லாம் மூட்டை கட்டிய பிறகு. மழையில் படகு ரத்தானால் இரண்டாம் பந்திக்கும் அரிசி இருக்க வேண்டும்.

விருந்தாளி சந்தோஷப்படட்டும் என்று வேண்டுமென்றே தோற்கும் நல்லவர்கள் சிலர் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விட்டுக்கொடுத்த ஆட்டம் எட்டு வயதுப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு அது தோல்வியைவிடக் கசக்கும். முழு மூச்சாக ஆடுங்கள், வெட்டவேண்டிய காயை வெட்டுங்கள், மாமியாருடையதாக இருந்தாலும் வெட்டுங்கள். விட்டுக்கொடுக்கிற வேலையைத் தாயக்கட்டை பார்த்துக்கொள்ளும். அதில் நம்மைவிட அதற்கு நாசூக்கு அதிகம்.