கஞ்சிராவும் உடும்பும்

குறுக்களவு ஏழெட்டு அங்குலமே உள்ள தோற்கருவி கனத்து ஒலிக்குமா? பலாமரச் சட்டத்தில் உடும்புத்தோல் போர்த்திய கஞ்சிரா ஒலிக்கும். தோலின் உட்புறம் சிறிது நீர் தெளித்தால் போதும். தோல் தளர்ந்து, சுருதி இறங்கி, நாதம் நிறையும். (அளவு மிஞ்சினால் ஒலியே செத்துவிடும்.) பொம்மையார்பாளையம் போன்ற கடலோர ஊரில் காற்றின் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

ஆயினும் உடும்பு, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிர். அதன் தோலின் குழைவு செயற்கைத்தோலுக்கு இல்லை என்பதை ஒப்புகிறோம். இருந்தும், புதிதாக வாங்குவோர்க்கு நாம் சொல்வது, திருகாணியால் சுருதி கூட்டிக் குறைக்கத்தக்க செயற்கைத்தோல் கஞ்சிராவைத்தான். திருகைத் தளர்த்திக் கும்கியைத் தேடுங்கள். பஜனைக்கும் கச்சேரிக்கும் அது ஈடுகொடுக்கும். ஐப்பசி மழையிலும் தொய்யாது.