மடிக்கணினி வாங்குமுன்

உடப்பில் மீன்பிடித் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்திருந்தார். மூத்த மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது. மனைவியின் காப்பை ஈடு வைத்து மடிக்கணினி வாங்கவிருக்கிறார். இளைய மகனோ, விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட கணினிதான் வேண்டுமென்று அடம்பிடிக்கிறானாம்.

வேண்டாம் என்றோம். அத்தகையவை பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். மின்கலமும் விரைவில் தீர்ந்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டதை மறக்கலாமா? (நுரைச்சோலை அனல் மின் நிலையம் நம் மாவட்டத்திலேயே நிற்க, நாம் விளக்கேற்றிப் படித்தோம்!) பஸ்ஸில் தோளிற் சுமக்கும் பெண்ணுக்கு ஒன்றரைக் கிலோ போதும்.

நினைவகம் 16 ஜிபி எனின் நன்று. 8 எனின், பின்னர் கூட்ட இடமுண்டா என வினவுக. தனி வரைகலை அட்டை இல்லாதவிடத்து விளையாட்டும் அந்நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்ளும். இலேசான விளையாட்டுகளுக்கு அதுவே போதும். விடுமுறையில் தம்பியும் ஆடலாம்.

பழையது வாங்க எண்ணுவோர் ஒன்று கவனிக்க: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபரில் முடிவுற்றது. 11ஐ ஏற்க, இன்டெல் செயலி பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

நம் கரைக்கே உரிய பகை உப்புக்காற்று. விசிறி அதனை உள்ளிழுக்க, உலோக இணைப்புகள் அரிபடும். கடற்பக்க யன்னலோரம் வைக்கலாகாது. உத்தரவாதச் சீட்டில் துருவுக்கு விலக்குண்டா என்பதையும் படித்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும். அன்பருக்கு ஆங்கிலச் சீட்டு வாசிக்க வராது. சனிக்கிழமை அவருடன் சிலாபத்துக்கு நாமும் செல்கின்றோம்.