கோடை விடுமுறையும் கார்டு பெட்டியும்

மே மாத நடுவில் தலைநகரின் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கியதும், ரயில் நிலையப் பார்சல் அலுவலகங்களில் மூட்டை முடிச்சுகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே வளர்ப்பு நாயோடு வரிசையில் நிற்பவர்களைக் காணலாம். நாய்க்குச் சீட்டு வழங்கப்படுவது அங்கேதான். மனிதருக்கு முன்பதிவு மையம். நாய்க்குப் பார்சல் அலுவலகம். அது உயிரா, சரக்கா என்ற கேள்விக்கு ரயில்வே துறை எப்போதோ விடை எழுதிவிட்டது.

விதிகள் சிக்கலானவை அல்ல. குளிர்சாதன முதல் வகுப்பில் இருவருக்கான கூபேயையோ நால்வருக்கான கேபினையோ முழுவதுமாக எடுத்துக்கொள்பவர் தம்முடன் நாயை வைத்துக்கொள்ளலாம். இரண்டடுக்கு, மூன்றடுக்கு, படுக்கை வசதி, இரண்டாம் வகுப்பு எதிலும் அனுமதியில்லை. கூடையில் அடங்கும் குட்டிக்கு மட்டும் சலுகை உண்டு. மற்றவர்களின் நாய் ரயிலின் கோடியில், கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் பயணம் செய்ய வேண்டும். கார்டின் பதவிப் பெயரை 2022 ஜனவரியில் 'ரயில் மேலாளர்' என்று மாற்றிவிட்டார்கள். கூண்டு மாறவில்லை.

பணம் இருந்தால் மட்டும் கூபே கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பெரும்பாலான நெடுந்தூர ரயில்களில் முதல் வகுப்புப் பெட்டி ஒன்றுதான். சிலவற்றில் அதிலும் பாதிதான். எந்தப் பயணிக்குக் கூபே, எவருக்குக் கேபின் என்பது இறுதிப் பட்டியல் தயாராகும்போதுதான் முடிவாகிறது. நாய் வைத்திருப்பவர் ரயில்வே அதிகாரிக்கு முன்கூட்டியே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதே பெட்டிக்கு அமைச்சர் அலுவலகங்களின் பரிந்துரைக் கடிதங்களும், நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஒதுக்கீட்டுக் கோரிக்கைகளும் வந்து சேர்கின்றன. தலைநகரில் எந்தக் கடிதத்துக்கு எவ்வளவு எடை என்பதைத் தில்லிவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆக, நடுத்தரக் குடும்பத்துக்கு எஞ்சுவது கூண்டுதான். தில்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் ஓடும் ரயிலில், ஆக்ராவையும் குவாலியரையும் கடந்து நாகபுரியை எட்டும்வரை மே மாத வெயில் எப்படி இருக்கும் என்பது அந்த வழியில் சென்றவர்களுக்குத் தெரியும். நாய்க்கு உணவும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளரின் பொறுப்பு. ஏதேனும் நேர்ந்தால் ரயில்வே பொறுப்பேற்காது. சில நிமிடங்களே நிற்கும் நிலையங்களில் அவர் தமது பெட்டியிலிருந்து இறங்கி, நடைமேடையின் கோடிவரை ஓடித் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பி ஓடிவந்து ஏற வேண்டும். 1978ஆம் ஆண்டில் மத்திய அரசே வெளியிட்ட விலங்குகள் போக்குவரத்து விதிகள், கோடைகாலத்தில் நான்கு மணிக்கொரு முறை நாய்க்குத் தண்ணீர் தரச் சொல்கின்றன. ஒரு துறை எழுதிய விதியை இன்னொரு துறையின் கால அட்டவணை அன்றாடம் மீறிக்கொண்டிருக்கிறது.

பொதுப் பெட்டிகளில் மனிதர்களே கழிவறை வாசலில் நின்றுகொண்டு பயணம் செய்யும் நாட்டில் நாய்க்கு வசதி கேட்பது சரியா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பீகார் ரயில்களின் கூட்டத்தை நேரில் பார்த்தவர் எவரும் இதை எளிதில் தள்ளிவிட மாட்டார். ஆனால் கூண்டு ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கட்டணமும் வசூலிக்கப்படுகிறது. அதில் காற்றும் நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும் என்பதால் எந்தப் பயணியின் இடமும் பறிபோகாது. நாயைக் கண்டு அஞ்சும் குழந்தையும், ஒவ்வாமையால் மூச்சுத் திணறுபவரும் உள்ள மூன்றடுக்குப் பெட்டியில் அதை ஏற்றுங்கள் என்று கேட்டால்தான் அது பிறர் உரிமையில் தலையிடுவதாகும்.

விமானமும் பெரிய மாற்று அன்று. 2022 நவம்பரில் ஆகாசா ஏர் நிறுவனம் பயணிகள் பகுதியிலேயே வளர்ப்புப் பிராணிகளை அனுமதிக்கத் தொடங்கியபோது, கூண்டோடு சேர்த்து 7 கிலோ என்று வரம்பு வைத்தது. நன்கு வளர்ந்த லாப்ரடார் 25 கிலோவுக்குக் குறையாது. 2003இல் ஒரு செல்பேசி விளம்பரத்தில் சிறுவனின் பின்னால் ஓடிய பக் நாயைப் பார்த்து, நாடெங்கும் அந்த இனத்தை வாங்கினார்கள். சப்பை மூக்கு கொண்ட அந்த இனத்துக்கு வெப்பத்தில் மூச்சு முட்டும். சரக்குப் பகுதியில் அதை ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன. விளம்பரம் இதைச் சொல்லவில்லை.

அழைத்துச் செல்ல முடியாத நாய் என்னவாகிறது? அண்டை வீட்டாரிடமோ, பணம் பெற்றுக்கொள்ளும் காப்பகத்திலோ விடுபவர்கள் உண்டு. இடமாற்ற உத்தரவு வந்ததும் தெருவில் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில், பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை என்று அச்சட்டம் விதித்தது. இன்று நடைமேடைச் சீட்டும் தேநீரும் வாங்கினாலே பத்து ரூபாய் தாண்டிவிடும்.

2025 ஆகஸ்ட் 11 அன்று தலைநகர வட்டாரத்தின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்குக் கொண்டு செல்லும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, வெறிநாய்க்கடி நோயோ மூர்க்கமோ இல்லாத பட்சத்தில், பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலைய வளாகங்களிலிருந்து அவற்றை அகற்றச் சொன்னது. இந்த மூன்று மாதமும் தெருவில் உள்ள நாயைப் பற்றியே நாடு பேசியது. வீட்டிலிருந்து தெருவுக்கு வந்த நாயைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

உரிமையாளர்களுக்கும் கடமை இருக்கிறது. அதை அவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. மலைக்குக் காரில் புறப்படும் தில்லிக் குடும்பம் தடுப்பூசிச் சான்றிதழை எடுத்துச் செல்கிறதா? 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து மடிந்தபோது, சிலவற்றில் கேனைன் டிஸ்டெம்பர் என்ற நாய்களின் வைரஸ் கண்டறியப்பட்டது. லடாக்கில் கட்டவிழ்ந்து திரியும் நாய்கள் கருங்கழுத்துக் கொக்கின் குஞ்சுகளைக் கொல்கின்றன. காட்டோரம் சங்கிலியை அவிழ்த்துவிடுவது அன்பு ஆகாது.

முதல் வகுப்புப் பயணிகள் இணையம் வழியே நாய்க்கு முன்பதிவு செய்யும் யோசனை 2023இல் ரயில்வே அமைச்சகத்தில் பேசப்பட்டது. அதிலும் கூபேவாசிகளுக்கே முதலிடம். மூன்றடுக்கில் செல்பவரின் நாய்க்கான கூண்டையும் அதே தளத்தில் பதிவு செய்ய வழி செய்யலாம். 1978ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தக் கூண்டு இருக்கிறதா என்று கோடைக்கு முன் ஒரு கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதிக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ரயில்வே மானியக் கோரிக்கை விவாதத்தில் யாராவது ஓர் உறுப்பினர் கேட்டால் போதும்.