தாயின் மருந்தும் சேயின் தடுப்பூசியும்

வைத்தியம் மும்பையில், பிரசவம் ஊரில், தாய்வீட்டில். வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் இது சகஜம். இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

மூட்டுவாதம், குடல் அழற்சி போன்ற நோய்களுக்காக இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஊசிகளைச் சில கர்ப்பிணிகள் போட்டுக்கொள்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இம்மருந்துகள் நஞ்சுக்கொடி வழியே சிசுவின் இரத்தத்திலும் சேர்ந்து, பிறந்த பின்னும் பல மாதங்கள் தங்குகின்றன.

நம் நாட்டில் குழந்தை பிறந்ததுமே போடப்படும் பி.சி.ஜி.யில் இருப்பதோ வலுக்குறைந்த, ஆனால் உயிருள்ள கிருமி. இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்ற பிரிட்டிஷ் தாய் ஒருவரின் குழந்தை, பி.சி.ஜி. போட்டபின் அக்கிருமி உடலெங்கும் பரவி நாலரை மாதத்தில் இறந்தது. 2010-ல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது.

ஆகவே இக்குழந்தைகளுக்கு பி.சி.ஜி.யை மருந்துக்கேற்ப ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தள்ளிப்போட வேண்டும். ரோட்டா, போலியோ சொட்டு மருந்துகளிலும் உயிருள்ள கிருமி உண்டு. அவை பற்றி டாக்டரே முடிவு செய்யட்டும். மற்றபடி ஹெபடைடிஸ்-பி, ஐந்து நோய்த் தடுப்பூசி ஆகியவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. அவற்றை உரிய நாளில் தவறாமல் போட வேண்டும்.

பயந்துபோய்த் தாய் தானாக மருந்தை நிறுத்துவதும் தவறு. ஊருக்குப் புறப்படும் பெட்டியில் வைத்தியச் சீட்டு இருக்கட்டும். பிரசவ அறையில் ஊசியை எடுக்குமுன், “என்ன மருந்து சாப்பிட்டாய், என்ன ஊசி போட்டாய் அம்மா?” என்று நர்ஸ் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கும்.