‘எங்கட நாய் இல்லை, இங்க நிற்கிறது’

ஆடு, மாடு, கோழி வளர்ப்பைப் பற்றி எழுதினால் அதில் வருமானம் உண்டு, வாசிப்பவர்களும் உண்டு. நாயையும் பூனையையும் பற்றி ஒரு கிராம அபிவிருத்தி ஏட்டில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால் எமது கிராமங்களில் நாய் நிற்காத வளவைக் காண்பது அரிது. பட்டிக்கும் தோட்டத்துக்கும் அதுவே காவல். இரவில் புடையன் ஊர்ந்தாலும் பன்றி வேலியை முட்டினாலும் முதலில் சத்தமிடுவது அதுதான். பூனை இல்லாத வீட்டில் நெல் மூட்டை எலிக்குச் சொந்தம். இவ்வளவு வேலையையும் வாங்கிக்கொள்ளும் எம்மிடம், ‘இது யாருடைய நாய்?’ என்று யாராவது கேட்டால் உடனே வருகிற பதில் ஒன்றுதான்: “எங்கட நாய் இல்லை பாதர், இங்க நிற்கிறது.”

குரைக்கும்போது எங்கள் நாய், கடித்தால் நிற்கிற நாய். பிறரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நானும் அந்தப் பதிலைச் சொன்னவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் ஒரு பங்கில் பணியாற்றினேன். பங்குமனையில் ரைகர் என்றொரு கடுவன் நாய் நின்றது. எனக்கு முன்பிருந்தவர் காலத்தில் தானாக வந்து சேர்ந்ததாம். சமைக்கிற அம்மா மிச்சச் சோறு வைப்பார், அது விறாந்தையில் படுத்திருக்கும், இரவில் குரைக்கும். அதற்கு மேல் எனக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்து ஓடிய ஒரு பையனின் கெண்டைக்காலில் ரைகரின் பல் பதிந்தது. பையனையும் தாயையும் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன். “நாய்க்கு ஊசி போட்டதா? அட்டை இருக்கிறதா?” என்று வைத்தியர் கேட்டார். “அது எங்கட நாய் இல்லை டொக்டர், அங்க நிற்கிறது” என்றேன். தாய் திரும்பி என்னைப் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

அட்டையோடு ஒழுங்காக ஊசி போட்ட, சுகமாக நிற்கிற, கண்முன் வைத்திருக்கக்கூடிய நாய் என்றால், காயத்தின் தன்மையையும் பார்த்து, அதை 14 நாட்கள் அவதானித்து முடிவெடுக்க வைத்தியருக்கு ஓர் இடம் உண்டு. அட்டை இல்லாத நாய்க்கு அந்த இடம் இல்லை. எனவே பையனுக்கு உடனே ஊசி தொடங்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் பல தடவை பஸ் ஏறி அவர்கள் போய்வந்தார்கள். கூலி வேலைக்குப் போகும் அந்தத் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம். நான் கொடுத்த பணத்தை முதல் தடவை அவர் வாங்கவில்லை. ரைகருக்கு அன்றே ஊசி போட்டிருந்தால் எனக்குச் செலவு ஒரு சதமும் இல்லை. நாய்களுக்கான விசர்நோய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகவே போடுகிறது.

விசர்நாய்க்கடி, அதாவது நீர்வெறுப்பு நோய், பழைய காலத்து விடயம் என்று நினைப்பவர்கள் உள்ளார்கள். 1973 இல் இந்த நாட்டில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதாலும் கடியுண்டவர்களுக்கு வைத்தியசாலைகளில் ஊசி கிடைத்ததாலும் அண்மைய ஆண்டுகளில் அது 20, 30 என்ற அளவுக்கு இறங்கியது. இறங்கியதே தவிர ஒழியவில்லை. நோய்க்குறி தோன்றிவிட்டால் மனிதரும் சரி, மிருகமும் சரி, தப்புவது ஏறக்குறைய இல்லை. விசர் பிடித்த நாய் கண்டதையெல்லாம் துரத்திக் கடிக்கும் என்றுதான் எம்மவர் எதிர்பார்க்கிறார்கள். எல்லா நாயும் அப்படிச் செய்யாது. சில மூலையில் ஒடுங்கிவிடும், தாடை தொங்கும், வீணீர் வடியும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதென்று இரங்கி வாய்க்குள் கைவிடுகிறவருக்குத்தான் ஆபத்து. கடித்தாலோ நகத்தால் கீறினாலோ உடனே ஓடுகிற நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதை விட நீளமானது. கோப்பித்தூளும் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் வேண்டாம். ஓதிய தண்ணீர் கேட்டு என்னிடம் வருகிறவர்களும் உண்டு. மந்திரிப்பதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது, முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

இலவச ஊசி இருந்தும் ஏன் நாய்கள் தப்பிவிடுகின்றன? சுகாதாரப் பகுதியினர் ஊருக்கு வந்த ஒரு நாளில் பாடசாலை மரத்தடியில் நின்று பார்த்தேன். அறிவித்தல் எல்லோருக்கும் போயிருந்தது. வந்த நாய்களோ சில. ஒழுங்கையில் போய் விசாரித்தால் விடயம் வேறு. “கொண்டு வரலாம் பாதர், ஆனா ஆர் பிடிக்கிறது?” பிறந்ததிலிருந்து கழுத்தில் கயிறு பட்டிராத நாயை மூன்று வயதில் கயிறு போட்டு இழுத்தால் அது வீட்டுக்காரரையே கடிக்கும். ஊசிக்கு நாய் வராததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல, கயிற்றுக்குப் பழக்காததும்தான். குட்டியாய் இருக்கும்போதே பிள்ளைகளிடம் ஒரு மெல்லிய கயிற்றைக் கொடுத்து, சோறு வைக்கும் நேரத்தில் சிறிது சிறிதாகப் பழக்கினால் சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். வாயைத் தொடவும் காதைத் திருப்பிப் பார்க்கவும் அதேபோல் பழக்கலாம். பின்னர் உண்ணி எடுப்பதும் புண்ணுக்கு மருந்து போடுவதும் இலகு.

பூனைக்கு ஊசி என்றால் சிரிக்கிறார்கள். பூனைக்கும் விசர் பிடிக்கும். அது பிள்ளைகளின் பாயில் படுக்கிற பிராணி. பழைய பின்னல் கூடையிலோ வாய் கட்டிய துணிப்பையிலோ காற்றுப்பட வைத்துக் கொண்டுபோனால் போதும், பிடிப்பது கடினமல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். எங்களுக்கு மருந்தாகும் அது பூனைக்கு நஞ்சு. அரைக் குளிசையே உயிரை எடுக்கக்கூடும். நல்ல மனத்தோடு கொடுத்துப் பூனையைச் சாகக் கொடுத்த ஆச்சி ஒருவரை எனக்குத் தெரியும். காரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்ல மனத்தோடு செய்யும் தீங்குகள் நாய்க்கும் உண்டு. சொறி பிடித்தால் கழிவு எஞ்சின் ஒயில் பூசுகிறோம். நாய் அதை நக்கும். தோலும் அதை உறிஞ்சும். உண்ணிக்கு வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் சொறிக்கும் உண்ணிக்கும் உரிய மருந்தைச் சொல்வார்கள். நாய்க்கென்று விற்கும் சில உண்ணி மருந்துகள் பூனைக்கு ஆகாது என்பதையும் மனதில் வைத்திருங்கள். குட்டிகளுக்குப் பூச்சிமருந்து கொடுப்பது பிள்ளைகளுக்காகவும்தான். நாயின் குடலில் வாழும் ஒருவகைக் கொழுக்கிப்புழு மனிதருக்கும் தொற்றும். 1911 இல் இலங்கையின் மரநாயொன்றில் கண்டு விபரிக்கப்பட்டதால் அதன் அறிவியற் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. நாய் மலங்கழித்த மணலில் வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

எமது பகுதியில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வொரு கவனம் வேண்டும். மாரியில் வெள்ளநீரும் எலியும் சேர்ந்தால் எலிக்காய்ச்சல் வரும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது மனித உயிர்களைப் பறித்தது நினைவிருக்கும். அந்நோய் நாய்க்கும் வரும். அறுவடைக் காலத்தில் எலிக்கு வைத்த நஞ்சை நாயும் பூனையும் தின்கின்றன. நஞ்சு வைக்கிறவர் அயலவருக்குச் சொல்லிவிட்டு வைப்பதே முறை. காட்டோரக் கிராமங்களில் பன்றி வெடியும் கம்பிச் சுருக்கும் சேர்த்து நாய்க்கு இரட்டை ஆபத்து. பங்குனி சித்திரை வெயிலில் நாய் எங்களைப் போல் உடலெல்லாம் வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. சோளகம் வீசிக் கிணறுகள் வற்றும் ஆனி ஆடியில் ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்து நிழலில் விடுங்கள். சட்டியை நாளுக்கு நாள் கழுவி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அது நுளம்புக்குத் தொட்டிலாகும். கறிச் சோறு போடுகிறவர்கள் வெங்காயத்தையும் வேகவைத்த கோழி எலும்பையும் விலக்கினால் நல்லது.

மழைக்காலம் பற்றி இன்னும் ஒன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது எனக்குப் பதினைந்து வயது. படலையைத் தாண்டுமுன் அம்மா திரும்பி ஓடிப்போய் எங்கள் நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டு வந்தார். அது கொஞ்ச தூரம் கூட வந்தது, பிறகு சனநெரிசலில் காணவில்லை. மறுவருடம் திரும்பிச் சென்றபோது பக்கத்து வளவின் மாமரத்தில் ஒரு சங்கிலி கட்டியபடியே இருந்தது. அந்த வீட்டாரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்த இரவை அறிந்தவர்கள் அறிவார்கள். ஆனால் வெள்ளத்துக்கும் புயலுக்கும் முன்னறிவித்தல் வருகிறது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. இடம்பெயரும்போது கொண்டுபோக முடியாவிட்டால் சங்கிலியையாவது கழற்றிவிடலாம்.

இனிப் பெட்டைக் குட்டிகளின் கதை. ஒருநாள் அதிகாலை தேவாலய வாசலில் உரப்பை ஒன்று அசைந்துகொண்டிருந்தது. உள்ளே ஆறு குட்டிகள், ஆறும் பெட்டை. கடுவன் குட்டிகளை ஊரார் எடுத்துக்கொள்வார்கள். பெட்டைகள் கோயிலுக்கும் சந்தைக்கும் வரும். சாமி சோறு போடுவார் என்ற நம்பிக்கை. அவற்றில் நான்கு ஒரு கிழமைக்குள் இரத்தமாய்க் கழிந்து இறந்தன. தாய்ப்பால் மறக்குமுன் எறியப்பட்ட குட்டிக்கு வேறு என்ன கதி? ஒரு பெட்டை நாய் வருடத்துக்கு இருமுறை ஈனக்கூடும். குட்டி வயிற்றில் இருப்பது ஏறத்தாழ 63 நாட்கள்தான். தெருநாய்களைக் கொல்வதை 2006 இல் அரசு நிறுத்தியது. அது நல்ல தீர்மானம் என்பதே என் கருத்து. கொன்று கொன்றும் நாய்கள் குறையவில்லை என்பதை அதற்கு முந்திய காலம் காட்டியது. ஆனால் கொலையை நிறுத்திய இடத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சை போதிய அளவு வந்து சேரவில்லை. ஊருக்கு ஒருமுறை முகாம் வரும், பிறகு எப்போது என்று எவருக்கும் தெரியாது.

பிரதேச சபைகள் இதை வரவு செலவில் எழுதி, ஒவ்வோராண்டும் ஒரே மாதத்தில், முன்கூட்டி அறிவித்து நடத்த வேண்டும். 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் ஏட்டில் இருக்கிறது; பல ஊர்களில் அது ஏட்டோடு சரி. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு கொப்பி போதும்: எந்த வளவில் எத்தனை நாய், எத்தனை பூனை, கடைசியாக ஊசி போட்ட திகதி, பெட்டையென்றால் சத்திரசிகிச்சை முடிந்ததா. உலக விசர்நோய் தினமான செப்டெம்பர் 28 ஐ ஒட்டி, மாரி தொடங்குமுன் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்க்கலாம். ஒரு கிராமத்தில் இதைச் செய்து பார்த்தோம். முதல் தடவை ‘எங்கட இல்லை’ என்ற பதிலே அதிகம் வந்தது. கணக்கெடுக்கப் போன பெண்கள் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள்: ‘நேற்று இரவு சோறு வைத்தது ஆர்?’ கொப்பி நிரம்பத் தொடங்கியது.

ரைகர் அந்தப் பங்குமனையில் இன்னும் நிற்கிறதென்று கேள்வி. முகம் நரைத்துவிட்டதாம். நான் மாற்றலாகி வரும்போது அதன் அட்டையைச் சமையலறை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் கொழுவி, உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை வெட்டிப் புதிதாக வந்தவரின் பெயரை எழுதிவிட்டு வந்தேன். அடுத்த ஊசி பங்குனியில்.